கருமாதி வரை விடுப்பு

2023ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சங்கரபாண்டியன் என்பவர், வாய்க்கால் மடையைத் திறப்பதற்காகக் குனிந்த இடத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. மனைவி பேச்சித்தாய், ஒரே மகள் முத்துமாரி. முத்துமாரி மணமாகாதவள், தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் பிரசவப் பிரிவுச் செவிலி. செய்தி வந்தபோது அவள் கையில், பிறந்து சிறிது நேரமே ஆன ஒரு குழந்தை இருந்தது. அதைத் துடைத்துச் சுற்றித் தாயின் மார்பில் கிடத்தினாள். அந்தத் தாயின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லி, பொறுப்பை அடுத்த செவிலியிடம் ஒப்படைத்தாள். அதன் பிறகே அவள் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். ஒப்படைக்காமல் போகக்கூடாது என்பது செவிலியரின் முறை. அதை அவளுக்கு அந்த மருத்துவமனை கற்பிக்கவில்லை. அந்த மருத்துவமனை யாருக்கும் எதையும் கற்பித்ததாகச் சான்று இல்லை.

அன்று மாலையே தகனம் முடிந்தது. உடலைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி, அருகில் செம்பில் நீர் வைத்து, பேச்சித்தாயை அறையின் மூலையில் உட்கார வைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை அவள் வெளியே வரமாட்டாள், அடுப்பைத் தொடமாட்டாள். அதுவரை அந்த விளக்கு அணையக்கூடாது. அவளைத் தனியே விடவும் கூடாது. உடனிருக்க வேண்டியவள் மகள். முத்துமாரிக்கு உடன்பிறந்தோர் இல்லை. கொள்ளி வைத்த சிற்றப்பா மகன் பேச்சிராஜாவுக்கு வேறு ஊரில் வேலை.

ஆகவே, முத்துமாரி கருமாதி வரை விடுப்புக் கேட்டாள். கேட்டது சிவப்பிரகாஷ் என்பவரிடம். அவர் அந்த மருத்துவமனையின் பணியாளர் நலன் காக்கும் மேலாளர். நலனை அவர் வெகு பத்திரமாகக் காத்துவந்தார். பணியாளர் எவர் கையிலும் அது சிக்கியதே இல்லை. சென்னையில் நிர்வாகப் படிப்புப் படித்தவர். செவிலியர் எவ்வாறு புன்னகை செய்ய வேண்டும் என்று மாதந்தோறும் ஒரு வகுப்பு எடுப்பார். தொலைபேசியில் அவர் குரலைத் தாழ்த்தி, தாமும் மிகவும் உடைந்துபோயிருப்பதாகக் கூறினார். பின்னர், பெற்றோர் இறந்தால் இரண்டு நாள் என்பது பாலிசி என்றும், வெள்ளிக்கிழமை செவிலியர் தினமாகையால் அன்று எவருக்கும் விடுப்பில்லை என்றும், அதே குரலில், மூச்சுவிடாமல் கூறினார். அம்மா தனியாக இருப்பாள் என்று முத்துமாரி சொன்னபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்டார்.

மறுநாள் புதன்கிழமை அவர் ஆத்தூருக்கே வந்துவிட்டார். மருத்துவமனையின் காரில், மருத்துவமனையின் பெயர் பொறித்த நாடா சுற்றிய ஒரு பெரிய மலர் வளையத்துடனும், புகைப்படம் எடுக்க ஒருவருடனும் வந்தார். உடல் முந்தைய நாளே தகனமாகிவிட்டது என்பதை வழியில் யாரிடமும் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. மலர் வளையத்தை வைக்க உடல் இல்லை. கையில் ஏந்தியபடி வாசலில் நின்று, வலமும் இடமும் பார்த்து, முடிவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் அதைச் சாத்தி வைத்தார். நாற்காலிக்கு அஞ்சலி செலுத்திக் கைகூப்பி நின்றதையும், பக்கத்தில் முத்துமாரியை நிறுத்தியதையும், உடன் வந்தவர் மூன்று கோணங்களில் படம் எடுத்தார். முகத்தைச் சற்று நிமிர்த்தும்படி அவளைக் கேட்டுக்கொண்டார்கள்.

துஷ்டி வீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை; எழுந்து பேசாமல் போய்விடுவார்கள். துக்க வீட்டை அங்கே துஷ்டி வீடு என்பார்கள். சிவப்பிரகாஷ் வாசலைத் தாண்டியவர் திரும்பி நின்று, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, “அப்ப நான் போயிட்டு வர்றேங்க” என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் கிளம்பிய பிறகு பேச்சிராஜா, “திரும்பியும் வாரானாம்லா? அடுத்தது யாரையாம்?” என்றான். அழுதுகொண்டிருந்த கிழவர் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலையே மருத்துவமனையின் முகநூல் பக்கத்தில் பதிவு வெளியாயிற்று. ஒரு பக்கம் சங்கரபாண்டியனின் படம். மறு பக்கம், அடையாள அட்டையிலிருந்து எடுத்த, சீருடை அணிந்து முத்துமாரி சிரிக்கும் படம். எங்கள் குடும்பம் ஒரு தந்தையை இழந்தது, முத்துமாரி சிஸ்டரின் கண்ணீரில் நாங்கள் என்றும் துணை நிற்போம் என்று எழுதி, அடியில் அவசரச் சிகிச்சைக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் போட்டிருந்தார்கள். இதை முத்துமாரிக்குத் தெரிவித்தவள் ஜெபிஷா. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவள், ஆலந்தலை என்ற கடற்கரை ஊர்க்காரி. முந்தைய ஆண்டு அவளுடைய தாய் இறந்தபோதும் இதே இரண்டு நாள்தான். தேவாலயத்தில் நாற்பதாம் நாள் பூசைக்கு அரை நாள் கேட்டதற்கு, பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

“ஏளா, ஒங்க அப்பாவுக்கு நானூறு லைக்கு விழுந்திருக்கு” என்றாள் ஜெபிஷா தொலைபேசியில். “எங்க அம்மைக்கு இருநூறுதான். அவ மீன்காரி பாத்தியா.”

வெள்ளிக்கிழமை வந்தது. செவிலியர் அனைவரும் வரவேற்பு அறையில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுக்கப்பட்டது. முத்துமாரியின் கையிலும் ஒன்றைக் கொடுத்துப் பற்ற வைத்தார்கள். வீட்டில், தந்தையைக் கிடத்தியிருந்த இடத்தில் எரியும் விளக்கின் நினைவு அவளுக்கு வந்தது. எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். மதியம் வரை தாங்கும். மருத்துவமனையின் உரிமையாளரான டாக்டர் லிங்கராஜ் பேசினார். பேசுவதில் அவருக்கு இருந்த விருப்பம், கேட்பவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. செவிலியர் தேவதைகள் என்றார். தேவதைகளுக்குச் சோர்வில்லை என்றார். இது அறிவியலின் இடம். இதற்குள் தீட்டு இல்லை, துடக்கு இல்லை, கடமை ஒன்றுதான் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தையை இழந்த மூன்றே நாளில் பணிக்கு வந்து நிற்கும் முத்துமாரியைப் பாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தானாக வந்து நிற்கவில்லை, வரவழைத்திருந்தார்கள். கேக் வெட்டி, ஒரு துண்டை அவளுக்கும் நீட்டினார்கள். வாங்காமல் நகர்ந்தாள்.

அன்றும் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஆத்தூரிலிருந்து பேருந்தில் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிரசவப் பிரிவில் குழந்தைகள் துக்கம் பார்த்துப் பிறப்பதில்லை. பக்கத்து வீட்டார் நல்லவர்கள். முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். ஆனால், அவர்களுக்கும் மாடு உண்டு, அடுப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் வேளையில் முத்துமாரி வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு அணைந்திருந்தது. பேச்சித்தாய் மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அணைந்த விளக்கையே பார்த்தபடி இருந்தாள். கொண்டுவந்து வைத்திருந்த கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. எண்ணெய்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“எப்ப அணைஞ்சுதும்மா?”

“தெரியல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள் தாய்.

முத்துமாரி விளக்கை ஏற்றினாள். இனி அம்மாவைத் தனியே விடமுடியாது என்பதை அப்போது உறுதியாக அறிந்தாள். மறுநாள் போய்க் கேட்பது, கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, தாய்க்குக் கஞ்சியைச் சூடாக்கி ஊட்டினாள்.

திங்கட்கிழமை காலை சிவப்பிரகாஷின் அறைக்குள் அவள் போவதற்கு முன்பாகவே மருத்துவமனை அமளிப்பட்டது. டாக்டர் லிங்கராஜின் மருமகள் அனுஜா பிரசவ வலியோடு வந்திருந்தாள். முதல் பிரசவம். இரண்டாம் மாடியின் சிறப்பு அறை துடைத்து மெழுகப்பட்டிருந்தது. பிரசவம் பார்க்கும் கருவிகள் அங்கேயே கொண்டுவரப்பட்டிருந்தன. பிரசவப் பிரிவில் கைராசிக்காரி என்று பெயரெடுத்திருந்த முத்துமாரியையே அங்கு அனுப்பினார்கள். பேச வந்ததைப் பேசாமலே அவள் மாடியேறினாள். வலியில் துடிக்கும் பெண்ணிடம் தன் வழக்கைக் கொண்டுபோவது அவளுக்குத் தகாததாகத் தோன்றியது.

அனுஜா நல்ல பெண், பயந்திருந்தாள். முத்துமாரி அவளை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, இடுப்பை நீவிவிட்டு, வலி வரும்போது மூச்சை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு கருவியில் சீராக ஓடியது. பனிக்குடம் உடைந்தபோது நீர் தெளிவாக இருந்தது. அறையின் ஒரு பக்கம், மெத்தை நாற்காலியில், லிங்கராஜின் மனைவி வடிவம்மாள் அமர்ந்திருந்தாள். பலசரக்கு மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் படித்ததும் இந்தக் கட்டடம் எழுந்ததும் அவள் தகப்பனார் போட்ட பணத்தில்தான் என்பதால், மருத்துவமனைக்குள் அவள் வைத்ததே சட்டம். பொழுது போகாமல் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள். கைப்பேசியைப் பார்த்தாள், முத்துமாரியைப் பார்த்தாள், மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

கணவரின் மருத்துவமனை தன் கருணையை உலகுக்கு அறிவிப்பதற்காக வெளியிட்ட படம்தான் அது.

“ஏளா, ஆத்தூர்ல செத்துப்போனது ஒங்க அப்பாவா?”

“ஆமா, மேடம்.”

“கருமாதி ஆயிட்டா?”

“இன்னும் ஆகல.”

வடிவம்மாள் எழுந்துவிட்டாள். “கருமாதி கழியாம எம் பேரப்பிள்ளயத் தொட வந்து நிக்கியே, வெவரம் வேண்டாமா ஒனக்கு?”

“நானா வரல, மேடம். வரச் சொன்னாவ.”

சிவப்பிரகாஷ் அழைக்கப்பட்டார். இரண்டு மாடியையும் அவர் ஏறிய வேகம், தீப்பிடித்திருந்தால்கூட அவரிடம் காணப்பட்டிருக்காது. வடிவம்மாள் பேசியதை முழுவதும் கேட்டார், தலையை ஆட்டினார், பெரியவர்கள் சொல்வதில் ஓர் அர்த்தம் இருக்கும் என்றார். பிறகு முத்துமாரியின் பக்கம் திரும்பி, ஆத்தூரில் நாற்காலிக்கு முன்னால் வைத்திருந்த அதே முகத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“சிஸ்டர், நீங்க உடனே கிளம்புங்க. கருமாதி வரைக்கும் லீவ். இந்த நேரத்துல அம்மாகூட இருக்க வேண்டாமா?”

ஆறு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது. நீட்டிய கை எத்தகையது என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் போகவில்லை.

“வெள்ளிக்கிழமையிலிருந்து ஏழு பிள்ளைய இந்தக் கையில வாங்கியிருக்கேன், சார். அதுகளுக்கெல்லாம் ஒட்டாத துஷ்டி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஒட்டும்?”

சிவப்பிரகாஷுக்குக் கேள்வி விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. “அதெல்லாம் ஜெனரல் வார்டு கேஸ், சிஸ்டர்” என்றார்.

கட்டிலில் இருந்த அனுஜா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு முத்துமாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, அவங்க இருக்கட்டும்” என்றாள். அவளைப் பேசாமல் படுக்கும்படி வடிவம்மாள் அதட்டினாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. முத்துமாரி குனிந்து, அவளோடு சேர்ந்து மூச்சுவிட்டு, வலி இறங்கும்வரை நிமிரவில்லை.

நிமிர்ந்த பிறகு, வேறொரு செவிலி வந்து பொறுப்பேற்கும்வரை தான் இந்த அறையை விட்டு நகர முடியாது என்றாள். யார் சொன்னாலும் முடியாது என்றாள். அவள் குரல் உயரவில்லை. வெளியே போகச் சொன்னவர்களில் ஒருவருக்கும், அடுத்த வலி வந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஆகையால் அவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். வடிவம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துக்கம் காற்றில் பரவும் என்று எண்ணினாள் போலும்.

முன்பு பிரசவப் பிரிவிலும் இருந்தவள் என்பதால் ஜெபிஷாவை அழைத்துவந்தார்கள். முத்துமாரி அவளிடம், பனிக்குடம் உடைந்த நேரம், நீரின் நிறம், வலிகளின் இடைவெளி, குழந்தையின் துடிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு இடப்பக்கம் படுத்தால்தான் வலி தாங்குகிறது என்றும் சொன்னாள். ஜெபிஷா கையுறையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே போனபோது வடிவம்மாளுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

“ஒங்க வீட்டுல துஷ்டி ஒண்ணும் இல்லைல்லா?”

“போன வருசம் எங்க அம்மை செத்தா, மேடம்” என்றாள் ஜெபிஷா. “அப்ப ஒருத்தரும் கேக்கல. இப்பமாவது கேட்டியளே.”

அந்நேரம் டாக்டர் லிங்கராஜ் உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை கைதட்டல் பெற்ற உரை அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். எவர் முகத்தையும் பார்க்காமல் கருவியைப் பார்த்துக்கொண்டு பேசினார். அறிவியல்படி இதில் ஒன்றுமில்லை என்றும், ஆனால் பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்றும், முத்துமாரி இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும் கூறினார். மனம் நோகக்கூடாதவர்களின் பட்டியலில் அவள் இல்லை என்பது அவருடைய தொனியிலேயே தெளிவாக இருந்தது.

“நான் போறேன், சார்” என்றாள் முத்துமாரி. “ஆனா இது துஷ்டி பயத்துல தந்ததா இருக்க வேண்டாம். வீட்டுல சாவு விழுந்தா கருமாதி வரைக்கும், அவுகவுக சடங்கு முடியிற வரைக்கும் லீவுன்னு எல்லா சிஸ்டருக்கும் சொல்லுங்க. ஜெபிஷாவுக்கும் சேத்து.”

மீட்டிங்கில் பேசுவதாக அவர் சொன்னார்.

முத்துமாரி கையைக் கழுவினாள். வழக்கப்படி முழங்கை வரை, விரலிடுக்குகளையும் விடாமல் கழுவினாள். அனுஜாவிடம், நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வாசலில் இருந்த காவலாளி, செவிலியர் தினத்துக்குக் கட்டிய பலூன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கடந்து போனாள்.

மதியம் ஆத்தூரில் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எழுந்து இடம் கொடுத்தாள். பேச்சித்தாய் மகளை நிமிர்ந்து பார்த்து, பகலிலேயே எப்படி வந்தாய் என்று கேட்டாள். நடந்ததை முத்துமாரி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆத்திரம் மூண்டது. தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எதுக்குத் தந்தா என்ன, இங்கன இரு” என்றாள். கொஞ்சம் கழித்து, “அந்தப் பிள்ளைக்கு என்ன பிறந்துச்சாம்?” என்றாள்.

“இன்னும் தெரியலம்மா.”

“நல்லபடியாப் பிறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அவள் ஆறு நாளில் முதன்முறையாகத் தானே கையை நீட்டி விளக்கின் திரியைத் தூண்டினாள்.

பெண் குழந்தை பிறந்ததாக மாலையில் ஜெபிஷா தெரிவித்தாள். தாயும் சேயும் நலம். மறுநாள் மருத்துவமனையின் முகநூல் பக்கத்திலிருந்து சங்கரபாண்டியனின் படம் நீக்கப்பட்டது. துஷ்டிப் படமும் பிறப்புப் படமும் ஒரே பக்கத்தில் இருக்கலாகாது என்று வடிவம்மாள் கூறிவிட்டாள். அந்த இடத்தில், ரோசாப்பூத் துணியில் சுற்றிய குழந்தை வந்தது.

கருமாதி மே இருபத்து நான்காம் நாள் நடந்தது. மருத்துவமனையிலிருந்து எவரும் வரவில்லை. ஜெபிஷா இரவுப்பணி முடித்து நேராக வந்து, பந்திக்கு இலை போட்டு, தானும் இருந்து சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து நிர்வாகம் கூடியது. லிங்கராஜும் வடிவம்மாளும் சிவப்பிரகாஷும் கலந்துகொண்டார்கள். செவிலியரில் எவரும் அழைக்கப்படவில்லை. எடுத்த முடிவு வருமாறு: பெற்றோர் இறந்தால் இரண்டு நாள் விடுப்பு என்பதில் மாற்றமில்லை. வீட்டில் இறப்பு நேர்ந்த செவிலியர், இனி தங்கள் சடங்குகள் முடியும்வரை பிரசவப் பிரிவிலும் சிறப்பு அறைகளிலும் பணியமர்த்தப்பட மாட்டார்கள். அந்நாட்களில் அவர்கள் விபத்துப் பிரிவிலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்ற வேண்டும். சாகக்கூடியவர்களைத் துஷ்டி என்ன செய்துவிடும் என்று கணக்கிட்டிருப்பார்கள். முத்துமாரி வீட்டிலிருந்த நாட்கள் அவளுடைய ஆண்டு விடுப்பில் கழிக்கப்பட்டன.

முத்துமாரி மே இருபத்தொன்பதாம் நாள் சென்று, அடையாள அட்டையையும் சீருடையையும் ஒப்படைத்து வேலையிலிருந்து விலகினாள். பிரசவப் பிரிவில் அன்று இருந்த இரண்டு தாய்மார்களைப் பற்றியும் தன் இடத்துக்கு வந்திருந்தவளிடம் கேட்டறிந்து, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே வெளியேறினாள். ஜூன் மாதத்திலிருந்து ஊருக்கு அருகிலுள்ள ஓர் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒப்பந்த முறையில் பணி செய்கிறாள். மாலையில் வீடு திரும்பிவிடுகிறாள். ஜெபிஷா அங்கேயே இருக்கிறாள். சடங்கு முடியும்வரை விடுப்பு வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கொடுத்த மனுவின் நகலில் மற்றச் செவிலியரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். நிர்வாகம் அதன்மேல் இன்னும் முடிவெடுக்கவில்லை.